ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் வாசிக்க எந்த பேஸ்?

அக்கா மகன் ஹூஸ்டனிலிருந்து பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான். ஆவணியில் போனில் பேசும்போது, "மாமா, இன்னும் எத்தனை வருஷத்துக்கு அந்தப் பழைய கட்டையையே தூக்கிக்கிட்டு அலைவீங்க? எது வேணும்னு சொல்லுங்க, வர்றப்ப கையோட எடுத்துட்டு வந்துடுறேன். பாதிக் காசு என்னோடது" என்றான். அவன் பாதி, நான் பாதி என்று கூட்டினால் மூன்று லட்சம் வரை போகலாம். ஒரு பேஸ் கிட்டாருக்கு, அதாவது பாட்டுக்கு அடியில் கனத்த சுரம் வாசிக்கிற கிட்டாருக்கு, மூன்று லட்சம் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஒரு லட்சம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கே இரண்டு நாள் ரசத்தில் உப்பில்லை.

மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பகலில் வயல் மோட்டார், இருட்டினால் கச்சேரி. இருபத்திரண்டு வருஷமாக ஒரு இன்னிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். பங்குனி, சித்திரையில் கோயில் திருவிழா. வைகாசி, ஆவணியில் கல்யாண வரவேற்பு. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணியில் கொடி ஏறியதும் சுற்றுவட்டாரச் சர்ச் திருவிழாக்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. விலை கூடிய பேஸ்களைப் பற்றி நான் படித்தவை பெரும்பாலும் ஏ.சி. அறையில், நல்ல ஆம்ப்ளிஃபயரில், நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தவர்கள் எழுதியவை. மரத்தின் நிறத்தையும், யார் அதை வைத்திருக்கிறார் என்பதையும் சுற்றியே பேச்சு போகும். நம் மேடையில் பத்தடி தள்ளி ஜெனரேட்டர் உறுமும். தலைக்கு மேல் சீரியல் பல்பு. மார்கழியில் ஸ்ட்ரிங் மேல் பனி இறங்கும், சித்திரையில் வியர்வை இறங்கும். ஐந்து மணி நேரம் நின்றே வாசிக்க வேண்டும். இந்த மேடைக்கு மூன்று லட்சத்தில் எதை வாங்குவது?

அதற்காகவே கொஞ்சம் அலைந்தேன். திருச்சியில் ஒரு சர்ச்சில் வாசிக்கும் தம்பியிடம் ஃபெண்டர் இருந்தது. சென்னையில் ரெக்கார்டிங் வாசிக்கும் நண்பர் ஒருவரிடம் மியூசிக் மேன், சடாவ்ஸ்கி இரண்டும் இருந்தன. காரைக்காலில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் பாரிஸிலிருந்து கொண்டுவந்த வார்விக். எல்லாவற்றையும் ஒரு மணி நேரமாவது கழுத்தில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் பழைய பேஸின் கதையைச் சொன்னால் நான் எதைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்பது புரியும். ஒரு நகரத்துக் கடையில் 'இம்போர்ட்டட்' என்று சொல்லித் தலையில் கட்டியது அது. சரி, பதினைந்து வருஷம் ஓடியது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது எங்கள் வீட்டில் பாதி ஓடு போய்விட்டது. பேஸ் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்ததால் ஒரு சொட்டுகூட நனையவில்லை. ஆனால் அதற்கப்புறம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, வீடே ஈரம் ஊறிக் கிடந்தது, நான் ஊர் ஊராக மோட்டார் பிரிக்கப் போய்விட்டேன். ஒரு நாள் பெட்டியைத் திறந்து நெக்கை, அதாவது விரல் வைத்து வாசிக்கிற நீண்ட தண்டை, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், வாழை மட்டை காய்ந்த மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறது. நெக் முன்னேயோ பின்னேயோ வளைந்தால் பரவாயில்லை. உள்ளே ஓடும் டிரஸ் ராடைத் திருகி நிமிர்த்திவிடலாம். முறுக்கிக்கொண்டால் ராடால் ஒன்றும் ஆகாது. ஐந்து ஸ்ட்ரிங்கும் சேர்ந்து நெக்கை இழுக்கிற இழுப்பு ஒரு ஆளின் எடை இருக்கும். அந்த இழுப்பில் வருஷம் முழுக்க நிற்கிற மரத்துக்கு ஐப்பசி ஈரமும் சித்திரை வெயிலும் மாறி மாறி வேறு.

அதனால் என் கணக்கில் முதல் இடம் நெக்குக்கு. இரண்டாவது ஹம், அதாவது கரண்ட் இரைச்சல். மூன்றாவது எடை. ஒலி நாலாவதாகத்தான் வருகிறது. இசைக்காரன் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் போய்விட்டால் எந்த பேஸும் கெட்ட ஒலி தருவதில்லை, அதனால் சொல்லலாம்.

ஹம் என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். பிக்அப் என்பது காந்தம், அதைச் சுற்றித் தலைமுடிப் பருமன்கூட இல்லாத எனாமல் கம்பி பல ஆயிரம் சுற்று. அவ்வளவுதான். மேலே ஸ்ட்ரிங் அதிர்ந்தால் காயிலில் மின்சாரம் பிறக்கும். ஆனால் காயிலுக்கு ஸ்ட்ரிங் எது, ஜெனரேட்டர் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. சுற்றிலும் இருக்கிற கரண்ட் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். நம் நாட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸில் ஈ ஸ்ட்ரிங்கின் மூன்றாவது ஃபிரெட்டில் (வீணையின் மெட்டு மாதிரி) வரும் ஜி என்ற சுரம் 49 ஹெர்ட்ஸ். விரல் வைக்காமல் மீட்டும் ஜி ஸ்ட்ரிங் 98, கரண்ட் ஹம்மின் அடுத்த படி 100. அதாவது ஒற்றைக் காயில் பிக்அப்போடு ஜெனரேட்டர் பக்கம் நின்றால், சுருதி சற்றே ஏறிய ஒரு ஜி ராத்திரி முழுக்கக் கூடவே பாடிக்கொண்டிருக்கும். பாட்டும் ஜி-யில் அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பாடகி திரும்பிப் பார்ப்பார், கீபோர்டுக்காரர் முறைப்பார், நீங்கள் எதுவும் வாசிக்காமலே மாட்டிக்கொள்வீர்கள்.

மருந்தும் காயிலிலேயே இருக்கிறது. இரண்டு காயில் வைத்து, ஒன்றை எதிர்த்திசையில் இணைத்து, அதன் காந்தத்தையும் தலைகீழாக்கினால் வெளியிலிருந்து வரும் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஸ்ட்ரிங்கின் ஓசை மட்டும் கூடி வரும். ஹம்பக்கர் என்பது இதுதான். இனி ஒவ்வொரு பேஸாகப் பார்க்கலாம்.

ஃபெண்டரிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரசிஷன் பேஸ்தான் இந்தக் குடும்பத்தின் மூத்தது. ஆளுயர டபுள் பேஸில் விரலைத் தேடி வைக்க வேண்டியிருந்தது. இதில் ஃபிரெட் இருந்ததால் சுருதி துல்லியமாக விழுந்தது, பெயரும் அதிலிருந்துதான் வந்தது. 1960-இல் ஜாஸ் பேஸ் வந்தது. நெக் தலைப்பக்கத்தில் ஒல்லி, இரண்டு பிக்அப். திருச்சித் தம்பி வைத்திருப்பது அமெரிக்கன் புரொஃபெஷனல் 2 வரிசையின் ஐந்து ஸ்ட்ரிங் ஜாஸ் பேஸ். பேட்டரி கிடையாது, உள்ளே மூன்று குமிழும் ஒரு கண்டென்சரும். நெக்குக்குள் டிரஸ் ராடோடு கிராஃபைட் பட்டைகளும் வைத்திருக்கிறார்கள். சர்ச்சுக்குள், சுவர் கனமாக உள்ள கட்டடத்தில், அந்தத் தம்பி வாசித்தபோது காது குளிர்ந்தது. எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளுக்கு வேண்டிய உருண்டையான ஒலி அதில் தானாகவே வருகிறது.

சிக்கல் எங்கே என்றால், ஜாஸ் பேஸின் இரண்டு பிக்அப்பும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டவை. இரண்டையும் முழுசாகத் திறந்து வைத்தால் ஹம் அடங்கும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தால் தலைதூக்கும். அந்த உருண்டை ஒலிக்கோ முன்னால் இருக்கிற பிக்அப்பைத் தனியாக வைக்க வேண்டும். சர்ச்சில் ஒழுங்கான எர்த் இருக்கிறது, அதனால் தம்பிக்கு இது பிரச்சினையே இல்லை. நம் ஊர் மேடையில் எர்த் என்றால் சவுண்டு சர்வீஸ் பையன் மண்ணில் அடித்த இரும்புக் கம்பி. அதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினானா என்பது அவனுக்கே வெளிச்சம்.

இதற்கு ஃபெண்டரிலேயே பதில் உண்டு. அமெரிக்கன் அல்ட்ரா வரிசையில் ஹம் வராத பிக்அப், 18 வோல்ட் ப்ரீஆம்ப் (ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் சின்ன பேட்டரி சர்க்யூட்), அதை அணைத்துவிட்டு பேட்டரி இல்லாமலும் வாசிக்க ஒரு சுவிட்ச். அமெரிக்காவில் கடை விலை இரண்டு லட்சத்துக்குச் சற்று மேலே. முதல் சுற்றில் நான் கிட்டத்தட்ட இதிலேயே முடித்துக்கொண்டேன். இது பரவலாக உள்ள வண்டி மாதிரி. எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பார்த்திருப்பான், பாகம் எங்கும் கிடைக்கும். இதற்கு மேல் காசு போடச் சரியான காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் மியூசிக் மேன் ஸ்டிங்ரேயில் கிடைத்தது. இதுவும் லியோ ஃபெண்டர் கைபட்டதுதான். தன் பெயரில் உள்ள கம்பெனியை விற்றுவிட்டு வெளியே வந்த பிறகு 1976-இல் வந்தது. பேஸுக்குள்ளேயே ஆக்டிவ் ப்ரீஆம்ப்பை வைத்து, தொழிற்சாலையில் பெருமளவில் செய்து விற்ற ஆரம்பகால பேஸ்களில் இது ஒன்று. 1984-இல் எர்னி பால் குடும்பம் கம்பெனியை வாங்கியது. சென்னை நண்பரிடம் இருப்பது 2018-க்குப் பிறகு வரும் ஸ்பெஷல் வகை, ஐந்து ஸ்ட்ரிங், இரண்டு ஹம்பக்கர் உள்ளது. பழைய ஸ்டிங்ரேக்கு ஒரு ஹம்பக்கர்தான், அதுவும் ஸ்ட்ரிங் உடம்பில் முடிகிற பிரிட்ஜ் பக்கம். கிணுகிணு என்று வெட்டும், மெலடிப் பாட்டுக்கு முரண்டு பிடிக்கும். இரண்டு ஹம்பக்கர் உள்ளதில் சுவிட்சை முன்பக்கம் தள்ளினால் சாந்தமாகிவிடுகிறது. ஃபெண்டர் அளவுக்கு உருண்டை வரவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

என்னை மயக்கியது ஒலி அல்ல, நெக். 'வறுத்த' மேப்பிள் மரம். ஆக்சிஜன் குறைந்த சூளையில் வைத்து அதிகச் சூட்டில் வாட்டி, மரத்திலுள்ள ஈரத்தையும் பிசினையும் சர்க்கரையையும் போக்கிவிடுகிறார்கள். கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிடுகிறது. அப்படி வாட்டிய மரம் காற்றிலுள்ள ஈரத்தை முன்னைப் போல உறிஞ்சாது, அதனால் நெளிவதும் குறைவு. இது அமெரிக்கக்காரன் கண்டுபிடித்த அதிசயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைபவர்கள் பச்சை ஆச்சா மரத்தைத் தொட மாட்டார்கள். பழைய வீடு இடிக்கிற இடம் தேடிப் போய், எத்தனையோ கோடையும் மழையும் பார்த்து அடங்கிப்போன உத்திரத்தை வாங்கி வருவார்கள். அந்த உத்திரத்துக்குக் காலம் செய்ததை இங்கே சூளை செய்கிறது.

ஃபிரெட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஒரு சீசன் வாசித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து சாதாரண ஃபிரெட்டைச் சொரசொரப்பாக்கிவிடும். நெக் சரிசெய்வதும் சுலபம். உடம்போடு சேரும் இடத்தில் ஒரு பல்சக்கரம் வெளியே தெரியும். மெல்லிய கம்பியை விட்டு ஒரு நெம்பு நெம்பினால் போதும், ஸ்ட்ரிங்கைத் தளர்த்தக்கூட வேண்டாம். மழைக்கு ஒரு தரம், வெயிலுக்கு ஒரு தரம் சரிசெய்ய வேண்டிய நமக்கு இது எவ்வளவு வசதி.

குறையும் பெரியதுதான். பேட்டரி தீர்ந்தால் ஸ்டிங்ரே ஊமை. அல்ட்ராவில் உள்ளது போல மாற்றுச் சுவிட்ச் கிடையாது. இரண்டு 9 வோல்ட் பேட்டரி போட வேண்டும், கேபிளைச் சொருகியே வைத்துவிட்டுப் போனால் சும்மா இருக்கும்போதும் தின்றுகொண்டிருக்கும். ஆனால் இது சமாளிக்கக் கூடிய குறை. மல்டிமீட்டருக்காக 9 வோல்ட் பேட்டரி என் கடையிலேயே எப்போதும் கிடக்கும். முறுக்கிய நெக்குக்கு அப்படி மாற்றுப் போட முடியாதே.

அடுத்தது சடாவ்ஸ்கி. காதுக்கு ஜெயித்தது இதுதான், மறைப்பானேன். ராஜர் சடாவ்ஸ்கி 1979-இல் நியூயார்க்கில் பட்டறை போட்டவர். பேர்பெற்ற பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸை மாற்றியமைத்துக் கொடுத்ததில் அவர் பேர் பரவியது. நல்ல ஃபெண்டரை எடுத்து, அதில் வாசிப்பவனைத் தொந்தரவு செய்கிற ஒவ்வொன்றையும் சரிசெய்தால் என்ன வருமோ அதுதான் அவருடைய பேஸ். ஹம் வராத ஜாஸ் பிக்அப், ஏற்ற மட்டுமே முடிகிற இரண்டு குமிழ் ப்ரீஆம்ப், அதை இழுத்து அணைத்தால் சுத்தமான பேட்டரியில்லா ஒலி, எடையும் குறைவு. மெட்ரோலைன் என்ற வரிசையை 2020 முதல் ஜெர்மனியில் மார்க்நாய்கிர்ஷனில் வார்விக் கம்பெனி செய்துகொடுக்கிறது. அந்த ஊரில் 1677-லேயே வயலின் செய்பவர்கள் சங்கம் வைத்திருந்தார்கள். நமக்குத் தஞ்சாவூர் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி.

இதன் விலை மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. தாண்டினாலும் பரவாயில்லை, அக்கா மகனிடம் கொஞ்சம் கெஞ்சலாம் என்றுதான் இருந்தேன். அப்போது ஒரு சந்தர்ப்பம் வந்தது. சென்னை நண்பர் கும்பகோணத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கு வாசிக்க வந்தார். இரண்டு பேஸையும் கொண்டுவரச் சொன்னேன். முதல் பத்துப் பாட்டு சடாவ்ஸ்கி, அப்புறம் ஸ்டிங்ரே. நான் மேடைப் பக்கமே போகாமல், கடைசி வரிசையில், பந்திக்குப் போகிற வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சென்னை அறையில் கேட்ட அந்தச் சடாவ்ஸ்கியின் நெளிவு சுளிவு எதுவும் அங்கே வந்து சேரவில்லை. டிரம்ஸ், தபலா, ரிதம் பேடு, "மாப்பிள்ளை வீட்டார் மேடைக்கு வரவும்" எல்லாவற்றுக்கும் அடியில் நல்ல பேஸ் ஒன்று கேட்டது, அவ்வளவே. ஸ்டிங்ரே வந்ததும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. அதன் ஒலியில் நடு அலைவரிசையின் மேல்பக்கம் கொஞ்சம் தூக்கல். அறையில் அது முரட்டுத்தனம், மண்டபத்தில் அதுவே தெளிவு. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரியவருக்கு பேஸ் என்றால் என்ன என்றே தெரியாது. இரண்டாவது பாதியில்தான் அவர் கால் தாளம் போட்டது. அதை நான் ஆதாரமாகச் சொல்லவில்லை. ஆனால் பார்த்தேன்.

சென்னையில் ரெக்கார்டிங் வாசிப்பவராக இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு சடாவ்ஸ்கி வாங்குவேன். அந்த நண்பர் வாசிக்கும் இடத்தில் அந்தக் கூடுதல் லட்சம் ஒவ்வொரு ரூபாயும் கேட்கும். என் மேடையில் அது காற்றோடு போய்விடும்.

காரைக்கால் பெரியவரின் வார்விக் தம்ப் பேஸைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1982-இல் தொடங்கிய ஜெர்மன் கம்பெனி. உடம்பு புபிங்கா, நெக் வெங்கே, இரண்டும் ஆப்பிரிக்க மரம், கைவைத்தாலே பழைய தேர்ச்சக்கரத்தைத் தொட்ட மாதிரி. ஃபிரெட் மணி வார்க்கிற வெண்கலம். உறுமல் என்றால் அப்படி ஓர் உறுமல். ஆனால் எடை ஐந்து கிலோவைத் தொடும். நாலாவது பாட்டில் என் இடது தோள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. மேலே பாலிஷ் பூச்சு கிடையாது, எண்ணெயும் மெழுகும்தான், அடிக்கடி தேய்க்க வேண்டும். வெண்கலமும் கடற்காற்றில் கறுக்கிறது. நாச்சியார்கோயில் குத்துவிளக்கானால் புளி போட்டுத் தேய்க்கலாம். பேஸுக்குப் புளி போட முடியுமா?

டிங்வால் என்ற கனடா பேஸ்களில் ஃபிரெட்டுகள் விசிறி மாதிரி சாய்ந்திருக்கும். காரணம் நியாயமானது. ஐந்தாவது ஸ்ட்ரிங்கான பி வெறும் 31 ஹெர்ட்ஸ். மற்ற பேஸ்கள் பெரும்பாலானவற்றில் எல்லா ஸ்ட்ரிங்குக்கும் 34 அங்குல நீளம்தான் என்பதால் பி தொளதொளவென்று கிடக்கும். டிங்வாலின் பல பேஸ்களில் ஜி 34 அங்குலம், பி 37 அங்குலம். வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக நிற்கிறது. ஆனால் நம் சவுண்டு சர்வீஸ் பாக்ஸ்களில் ஏறக்குறைய 45 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வெளியே வராது. பி-யை மீட்டினால் கூட்டத்துக்குக் கேட்பது 62-ம் அதற்கு மேலே உள்ள படிகளும்தான். விறைப்பான ஸ்ட்ரிங்கில் அந்தப் படிகள் தெளிவாக வரும் என்பது உண்மை. அதற்காக 37 அங்குலத்துக்கென்றே தனி ஸ்ட்ரிங் வாங்க வேண்டும், சாதாரண 34 அங்குல செட் நீளம் எட்டாது. திருவிழா நடுவில் பி அறுந்தால் மன்னார்குடியில் என்ன செய்வேன்? (கூம்பு ஸ்பீக்கர் மட்டும் கட்டியிருக்கிற ஊரில் பேஸே வேண்டாம். அந்த ஊர்களில் நான் வாசிப்பது எனக்கும் டிரம்மருக்கும் மட்டும்தான்.)

கடைசியாகக் கனவு. ஃபோடெரா, 1983-இல் நியூயார்க் புரூக்ளினில் தொடங்கிய பட்டறை. அமெரிக்க பேஸ் கலைஞர் விக்டர் வூட்டன் கையில் இருப்பது அது. கையால் செய்வது, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஐந்து லட்சத்துக்கு மேல் தொடங்கிப் பத்தையும் தாண்டும். பல உயர்ரக பேஸ்களைப் போல அதிலும் நெக் உடம்புக்குள் ஊடுருவிக் கடைசி வரை ஓடுகிற வகை உண்டு. இது மேலானது, திருகி மாட்டிய நெக் மட்டமானது என்ற எண்ணம் எனக்கும் ரொம்ப நாள் இருந்தது. தஞ்சாவூரில் வீணை செய்கிற ஓர் ஆசாரியிடம் இதைக் கேட்டேன். அங்கே இரண்டு விதம். ஒரே பலாமரத் துண்டில் குடமும் தண்டியும் யாளிமுகமும் குடைந்து எடுத்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஏகாந்தத்துக்கு மதிப்பும் விலையும் அதிகம். ஆசாரி என் பழைய பேஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்னால் இருந்த நாலு திருகையும் தடவினார். "ஏகாந்தம் அழகுதான் தம்பி. ஆனா தண்டி கோணிப்போச்சுன்னா முழு வீணையும் போச்சு. உங்களுது திருகாணியைக் கழட்டினா வேற தண்டி மாட்டிக்கலாம்ல? எங்க வீணையில மெழுகு இளகி மெட்டு நகர்ந்தா நாங்க திரும்ப வெச்சுக் குடுக்குறோம். எதுவா இருந்தாலும் ரிப்பேருக்கு வழி இருக்கணும்" என்றார். வீணைக்கும் மெட்டு இருபத்துநாலு, சில பேஸுக்கும் ஃபிரெட் இருபத்துநாலு என்று சொன்னதும் அவர் முகத்தில் வந்த சிரிப்பு தனி.

திருகு நெக்கில் இன்னொரு லாபம் உண்டு. விமானத்தில் வரும்போது நெக்கைக் கழற்றித் துணிக்கு நடுவில் சுற்றிப் பெட்டியில் வைக்கலாம். கடல் தாண்டி வருவதற்குள் பெட்டி எத்தனை பேர் கையில் எறியப்படுமோ. நெக் மேல் விரல் படுகிற பலகை ஈட்டி மரமாக இருந்தால் சுங்கத்தில் பிடிப்பார்களோ என்று அக்கா மகன் பயந்தான். 2017-இல் ஈட்டி இனம் முழுவதற்கும் உலக அளவில் கட்டுப்பாடு வந்து, கிட்டார் விற்பவர்கள் எல்லாம் காகிதம் தேடி ஓடியது நிஜம். 2019 கடைசியில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள், பிரேசில் ஈட்டிக்கு மட்டும் விலக்கு இல்லை. நம் மலையில் வளர்ந்த ஈட்டி கப்பலேறிப் போய், அங்கே பட்டை தீட்டி, டாலர் விலையில் நம்மிடமே திரும்பி வருகிறது. அதைப் பிடிப்பதைவிட ரசீதைத்தான் பிடிப்பார்கள். இந்த விலை, வரியில்லாமல் கொண்டுவரும் வரம்பைத் தாண்டும். வரியையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அதையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்டிங்ரேயே மூன்று லட்சத்தைத் தாண்டலாம். சடாவ்ஸ்கி எங்கேயோ போய்விடுகிறது.

ஆக என் ஓட்டு ஸ்டிங்ரே ஸ்பெஷல், ஐந்து ஸ்ட்ரிங், இரண்டு ஹம்பக்கர். கட்டடத்துக்குள் மட்டும் வாசிக்கிற சர்ச் தம்பிகள் இதைப் படித்தால், அந்தச் சாதாரண ஃபெண்டர் போதும்; மிச்சக் காசில் நல்ல ஆம்ப்ளிஃபயர் வாங்குங்கள். பேட்டரி என்றாலே நடுங்குகிறவர்கள் அல்ட்ராவுக்குப் போகலாம், ஹம் விஷயத்தில் குறை இருக்காது. அதில் நெக்கை மட்டும் மழைக்காலத்தில் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேற்று அக்கா மகனை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கு வாசிக்கத் தெரியாது, அதனால் கடையில் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நெக்கின் தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார். இரண்டு ஓரமும் ரயில் தண்டவாளம் மாதிரி ஒன்றாகப் போக வேண்டும். கழுத்தில் மாட்டி இரண்டு கையையும் விட்டுவிடு. தலை கீழே சாய்ந்தால் அந்தப் பேஸ் வேண்டாம், வேறு எடுத்துக் கேள். எடை போடச் சொல். நாலரை கிலோவுக்கு மேல் போனால் விலை குறைத்தாலும் வாங்காதே. தடித்த ஸ்ட்ரிங்கை முதல் ஃபிரெட்டிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டு. எங்காவது தகரம் அதிர்கிற சத்தம் கேட்டால் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டு. வாங்கினதும் ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பெட்டியில் வை, பேட்டரியைக் கழற்றிவிடு.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். "சரி மாமா, கலர் சொல்லலையே? சிவப்பு இருக்கு, நீலத்துல மினுமினுன்னு ஒண்ணு இருக்கு, சூப்பரா இருக்கு."

"கருப்பு எடுடா. இப்ப இருக்கிறதும் கருப்புதான். அத்தை பார்த்தா ஒரு லட்சம்னு நம்பணும்."